ஹெச்.பி. 48 கால்குலேட்டரில் கோப்புப் பிழைச் சோதனை

ஹியூலெட்-பக்கார்ட் 1990-இல் வெளியிட்ட ஹெச்.பி. 48எஸ்எக்ஸ், சீரியல் கேபிள் வழியாகக் கணினியிலிருந்து நிரல்களைப் பெறக்கூடிய கையடக்கக் கால்குலேட்டர். வந்த கோப்பு பழுதற்றதா என்பதை இதில் இரு கட்டங்களில் சோதிக்கலாம். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

முதற்கட்டச் சோதனையைக் கெர்மிட் நெறிமுறை செய்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் உருவான கெர்மிட், கோப்பைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கும். பெறும் கருவி அதைத் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தை மட்டும் மறுபடி கேட்கும். ஹெச்.பி. 48-இல் வழக்கமாக இயங்குவது 16 பிட் சி.ஆர்.சி. என்ற வகைச் சரிபார்ப்பு எண். எழுத்துகளின் மதிப்பை வெறுமனே கூட்டினால், இரண்டு எழுத்துகள் இடம் மாறியது தெரியாது. கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். சி.ஆர்.சி. வகுத்தலின் மீதி என்பதால் வரிசை குலைந்தாலும் காட்டிக்கொடுக்கும். தொடர்ச்சியாக 16 பிட் வரை சிதைந்த எந்தப் பிழையும் அதற்குத் தப்பாது.

ஆனால் கெர்மிட் காப்பது கேபிளில் நடக்கும் பயணத்தை மட்டுமே. கணினி தவறுதலாக உரை முறையில் அனுப்பினால், இருமக் கோப்பின் சில பைட்டுகள் வரிமுடிவுக் குறிகளாகக் கருதப்பட்டு, சரிபார்ப்பு எண் போடும் முன்பே மாறிவிடும். பொட்டலங்கள் எல்லாம் தேறும். கோப்பு மட்டும் பாழ். அக்காலத்தில் மின்னஞ்சலில் வந்த கோப்புக்கும் இதே ஆபத்து இருந்தது.

இந்த ஆபத்துக்காகவே, இரண்டாம் கட்டச் சோதனையாக, ஆஸ்கி குறியாக்கம் வந்தது. இக்கால்குலேட்டரின் சாட்டர்ன் செயலி நினைவகத்தை நிபிள் எனப்படும் 4 பிட் அலகுகளாக எண்ணுகிறது. ஒரு நிபிளுக்கு ஒரு பதினறும இலக்கம் என எழுதிவிட்டால் கோப்பு வெறும் உரையாகிவிடும். அளவு இரு மடங்காவதுதான் விலை. இறுதியில் முழுக் கோப்புக்கும் சேர்த்து ஒரு சி.ஆர்.சி. இருக்கும். அது பொருந்தாவிட்டால் குறிநீக்க நிரல் அசல் கோப்பை உருவாக்கவே மறுக்கும். இந்த மறுப்பு மிகவும் தேவையானது. இயந்திரக் குறிமுறையில் எழுதிய நிரல் நேரடியாகச் செயலியில் ஓடுவதால், ஒரு நிபிள் பிசகினாலும் நினைவகம் முழுவதும் அழியக்கூடும். அப்போது திரையில் தோன்றும் ‘ட்ரை டு ரெக்கவர் மெமரி?’ என்ற கேள்விதான் பயனரின் கடைசி நம்பிக்கை.

கையால் தட்டச்சு செய்வோரையும் ஹெச்.பி. மறக்கவில்லை. கையேட்டு நிரல்களோடு சரிபார்ப்பு எண்ணும் பைட் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். ‘பைட்ஸ்’ கட்டளை தரும் விடையோடு அவற்றை ஒப்பிடலாம். அளவு சிலசமயம் அரை பைட்டில் முடிவது பிழையன்று, ஒற்றைப்படை நிபிள்களின் கணக்கு.