சீலைமண்

சேலத்தைக் கடந்து வடக்கே செல்லும் சாலை சமவெளியை விட்டு மலைமேல் ஏறத் தொடங்கும் இடத்தை அடிவாரம் என்றே வழங்குகிறார்கள். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறவன், கடல்மட்டத்துக்குமேல் சுமார் 280 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறான். அந்தச் சிறு பிரயாணத்திலேயே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த மாறுதலை மலைமேல் உள்ள கடைகளில் தொங்கும் வறுவல் பொட்டலங்கள் உப்பிக் காட்டுகின்றன. அடுப்பிலேற்றிய தண்ணீர் 95 பாகையை ஒட்டிய உஷ்ணத்திலேயே கொதித்துக் காட்டுகிறது. நம் காலத்தில் மின்சிகரெட் என்னும் சாதனமும் தன் போக்கில் அதைக் காட்டுகிறது: கீழே வறண்டிருந்த அதன் தொட்டி, மேலே வந்ததும் சட்டைப்பைக்குள் கசிகிறது.

காரணம் எளியது. தொட்டியில் பாதி திரவமும் பாதி காற்றுமாக இருக்கும். நடுவே ஒரு கம்பிச் சுருளும், அதைச் சுற்றிப் பஞ்சுத் திரியும் உண்டு. திரவத்துக்கு மேலே அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே குறைந்திருப்பதால்தான், பஞ்சு வேண்டிய அளவு மட்டும் நனைந்து, மிச்சம் உள்ளே தங்குகிறது. மலையேறும்போது வெளியழுத்தம் தாழ, உள்ளிருக்கும் காற்று விரிந்து திரவத்தைப் பஞ்சின் வழியே தள்ளுகிறது; அது காற்றுத் துளைகளில் ஒழுகுகிறது. தேய்ந்த ரப்பர் வளையமும், அளவுக்குமேல் ஊற்றுவதும், வாயால் பலமாக இழுப்பதும் இதே கேட்டைச் சமவெளியிலும் விளைவிக்கும். இப்படித் திரவம் மிஞ்சித் தேங்கிய சுருளைச் சூடாக்கினால், அது ஆவியாவதற்குப் பதிலாகக் கொதித்துத் தெறித்து, புகைப்பவன் நாவையே சுடும். ஆவி இருக்க வேண்டிய இடத்தில் திரவமும், திரவம் நிற்க வேண்டிய இடத்தில் காற்றும் புகுவதே இவ்விரு குற்றங்களுக்கும் மூலம்.

இந்த மூலத்தை மனிதன் நேற்று கண்டுபிடிக்கவில்லை. ஆவியையும் திரவத்தையும் ஒரே பாத்திரத்தில் வைத்து ஆள்வது நம் வைத்தியர்களுக்கும் வாலை என்னும் வடிகலத்தில் காய்ச்சியவர்களுக்கும் அன்றாட வேலையாக இருந்தது. சித்த வைத்தியத்தில் புறமருந்து முப்பத்திரண்டில், ஆவி பிடித்தலாகிய வேதுவும் புகையும் இடம்பெற்றிருக்கின்றன. ஓமத் தீநீர் போன்றவை வாலையில் வடித்து இறக்கப்பட்டன. பானைமேல் பானை கவிழ்த்து, பொருத்து வாயில் மண்பூசிய சீலையைச் சுற்றி, உலர்ந்தபின் மறுபடி சுற்றி, சில சமயம் ஏழு சுற்றுவரை போவதற்குச் சீலைமண் செய்தல் என்று பெயர். வைத்திய நூல்களில் ஒரே வரியில் வந்துபோகும் இந்த வேலையில்தான் மருந்தின் பலம் தங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம். மூலிகையைக் கண்டறிந்தவனின் கீர்த்தி நிலைத்துவிட்டது. பொருத்து வாயை அடைத்த கையைப் பற்றி எவரும் எழுதவில்லை. வடக்கே கன்னோசியில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் இன்றைக்கும் செப்புக் கொப்பரையின் மூடியைப் பஞ்சும் களிமண்ணும் கலந்து அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை இறக்கி, அது சேரும் செப்புக் குடத்தை நீரில் குளிரவைத்துக் கைப்பக்குவத்தாலேயே தீயின் அளவை நிர்ணயிக்கிறார்கள்.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்கு இந்த வித்தை வேறொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காபிச் செடியை நட்டுவித்தார். அவரைப் பின்பற்றித் தோட்டக்காரர்கள் பலர் மலையேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜெரேனியம் என்னும் வாசனைச் செடியை இங்கே கொண்டுவந்தார். இந்தியாவில் அதன் சாகுபடி ஏற்காட்டில்தான் தொடங்கியது, பின்னரே நீலகிரியில் பரவியது. ரோஜாவின் மணத்தைப் போலிருக்கும் அதன் தைலம் வாசனைத் திரவியங்களுக்கும் சோப்புக்கும் வேண்டப்படுவது. ஆயிரம் கிலோ தழையைக் காய்ச்சினாலும் ஒரு கிலோவோ, அதற்குச் சற்று மேலோதான் எண்ணெய் இறங்கும். ஆகையால் பொருத்துவாயில் ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும், மணம் கொட்டகையெல்லாம் கமழ, குப்பியில் மட்டும் ஒன்றும் சேராது. கொப்பரையில் தழையையும் நீரையும் அளவுக்குமேல் அடைத்துத் தீயைத் தூண்டிவிட்டால், நுரை பொங்கி இலைச்சாறு குளிர்குழாய்க்குள் ஏறி, வடிவது கலங்கிப் போகும். தீயைத் தணி, இடம் விட்டு நிரப்பு, பொருத்தை அடை: தைலம் காய்ச்சுகிறவனுக்கு முதலில் சொல்லவேண்டிய மூன்று கட்டளைகளும் இவைதாம். ஏற்காட்டுக் கடைகளில் தைலக் குப்பி வாங்கிச் செல்லும் யாத்திரிகர்கள், இந்த மூன்றையும் ஒருகணம் நினைத்தால் நன்று.

ஆவியைக் குப்பியில் பிடிப்பதைவிடச் சுவாசத்துக்குள் இழுப்பது இன்னும் நுட்பமான காரியம். பீஜப்பூரிலிருந்து ஆசாத் பேக் கொண்டுவந்த புகையிலையும் புகைக்குழலும் அக்பருடைய சபையில் அறிமுகமானது 1604-ஐ ஒட்டி என்று சொல்வார்கள். வைத்தியர் தடுத்தும் பாதுஷா சிறிது இழுத்துப் பார்த்தார். ஜஹாங்கீர் 1617-இல் புகையிலையைத் தடைசெய்தார், தடை நிலைக்கவில்லை. புகையைத் தண்ணீர் வழியே இழுக்கும் உக்காவில், புகையிலை வைக்கும் சிலும்பியிலிருந்து இறங்கும் குழல் தண்ணீரில் சற்றே அமிழ்ந்திருக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் இழுப்பவன் வாய்க்குத் தண்ணீரே ஏறும். போதாவிட்டால் புகை குளிராது. பொருத்துகளில் ஈரத்துணி சுற்றுவதும், தண்ணீரின் அளவை ஒழுங்குசெய்வதும், பலத்துக்கு இழுக்காமல் நிதானமாக இழுக்கச் சொல்வதும் உக்காபர்தார் என்ற ஒரு தனி ஊழியனின் பொறுப்பு. இன்றைய தொட்டியின் இரு குற்றங்களும் அந்த ஊழியனுக்கு மனப்பாடமான விஷயங்களே. அவனுடைய கைத்திறனைச் சரித்திரம் பெரும்பாலும் பிரபுக்களின் ஆடம்பரத்தோடு சேர்த்தே பேசி மறைத்துவிட்டது, அது நியாயமன்று.

மருந்துக்காகப் புகை இழுக்கும் முறையொன்றும் நம் நாட்டிலிருந்து மேற்கே சென்றது. சென்னையில் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் முறையை இங்கே அறிந்து எடுத்துரைத்தார். ஜெனரல் ஜென்ட் 1802-இல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன்பே, 1778-இல், இங்கிலாந்தில் ஜான் மட்ஜ் என்ற வைத்தியர் ஈயக் குவளையொன்றைச் சுவாச யந்திரமாக்கியிருந்தார்: கைப்பிடித் துளையால் நுழையும் காற்று வெந்நீரைத் துளைத்து வரும், நோயாளி வெளிவிடும் மூச்சு நீருக்குள் திரும்பாமல் போக ஒரு தடுக்கு உண்டு. திரவமும் மூச்சும் கலவாமல் காப்பதே அவருடைய முழுப் பிரயத்தனமும்.

மின்சாரம் வந்தபின் அடுப்பு கம்பிச் சுருளாகச் சுருங்கியது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் புகையில்லா சிகரெட்டுக்கு 1965-இல் காப்புரிமை பெற்றார். சீனாவில் மருந்தாளரான ஹான் லிக் 2003-இல் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தார். அதன் தொட்டியைப் பழுதுபார்க்கிறவர்கள் செய்வது, வளையத்தைத் துடைத்து மாற்றுவதும், சற்று இடம் விட்டு நிரப்புவதும், குழலில் தேங்கியதைத் துடைத்துவிட்டு மெதுவாக இழுப்பதும், மலையேறுமுன் தொட்டியைக் காலிசெய்வதுமாம். யுக்தியில் பழைய சீலைமண்ணைத் தாண்டிய புதுமை இதில் எதுவுமில்லை. ஆனால் ஒரு பேதம் உண்டு. அதுவே என்னைக் கவலையுறச் செய்கிறது. ஜெரேனியக் கொப்பரை கசிந்தால் தோட்டக்காரருக்கு நஷ்டம். உக்கா கசிந்தால் துணி நனையும். இந்தத் தொட்டியில் நிக்கோடின் கரைந்திருந்தால், கசிவது தோலின் வழியே உடலுக்குள் செல்லக்கூடிய நஞ்சு. பையில் ஒழுகிய குப்பி வீட்டுக் குழந்தையின் கைக்கு எட்டுவது, ஒரு பொருத்துவாயின் குறை என்று சொல்லி ஒதுக்கக்கூடிய விஷயமன்று.

தமிழ்நாட்டரசு 2018-இலேயே மின்சிகரெட்டைத் தடைசெய்தது. 2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அவ்வாண்டின் இறுதியில் பாராளுமன்றச் சட்டமும் வந்தன. அதன்படி உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைத்தல் ஆகியவை குற்றம். சேமித்து வைத்தல் நீங்கலாக மற்றவற்றில், முதல் குற்றத்துக்கு ஓராண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அச்சட்டத்தின் விளக்கப் பகுதியில் மின்சிகரெட்டோடு மின் உக்காவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது.