தாவோ ஆன் காணாத நாள்

கி.பி. 148ஆம் ஆண்டில் சீனத்தின் லொயாங் நகருக்குப் பார்த்திய நாட்டுத் துறவி ஆன் ஷிகாவ் வந்து சேர்ந்தார். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோருள் நாம் பெயரறிந்த முன்னோடி அவர். மூலங்கள் யாவும் வடமொழியிலேயே இருந்தன எனக் கருதிவிட வேண்டாம். தொடக்க கால ஏடுகளுள் பல காந்தாரப் பிராகிருதத்தில் அமைந்தவை. அன்று மொழிபெயர்ப்பு தனியொருவர் பணியாகவும் இருக்கவில்லை. அயல்நாட்டுத் துறவி மூலத்தை ஓதுவார். இருமொழி அறிந்தவர் பொருளுரைப்பார். சீனர் ஒருவர் எழுதிக்கொள்வார். மற்றொருவர் நடையைச் செப்பனிடுவார். இத்தனை கைகள் மாறும்போது பொருள் சிந்தாதிருக்குமா?

சொற்களே பெருந்தடையாயின. 'நிர்வாணம்' என்பதற்குச் சீனத்தில் சொல் ஏது? தாவோ நெறியினர் 'செயலின்மை' என்னும் பொருளில் வழங்கிய 'வூவெய்' என்ற சொல்லைக் கடன் வாங்கினர். 'போதி'யைத் 'தாவோ' என்றனர். கேட்டவர்க்கு உடனே விளங்கிற்று. ஆனால் விளங்கியது புத்தரின் போதனையா, லாவோட்சுவின் போதனையா?

இவ்வினா உள்ளத்தை அரித்த பெருமகன் தாவோ ஆன் (312-385). அவருக்கு வடமொழி தெரியாது. பழைய பெயர்ப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பிழைகளை உணர்ந்தார். 382இல் எழுதிய முன்னுரையொன்றில், மூலம் சிதையும் வகைகள் ஐந்து, பெயர்ப்பு எளிதாகாமைக்குக் காரணங்கள் மூன்று என வகுத்தார். சொல்வரிசை தலைகீழாவது, எளிய மூலம் சீனர் சுவைக்கேற்ப அழகுபடுத்தப்படுவது, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் வெட்டப்படுவது முதலியன அவர் கண்ட சிதைவுகள்.

குச்சா நாட்டில் புகழுடன் விளங்கிய குமாரஜீவரை அழைத்துவருமாறு மன்னர் ஃபு ஜியானை வேண்டியவரும் அவரே. குமாரஜீவரின் தந்தை இந்தியர்; தாய் குச்சா அரசகுலத்தவர். மன்னரோ படையையே அனுப்பினார்! 384இல் குச்சா வீழ்ந்தது. மறு ஆண்டே தாவோ ஆன் மறைந்தார், மன்னரும் கொல்லப்பட்டார். தளபதி லூ குவாங் லியாங்சோவில் தனியாட்சி அமைத்துக்கொள்ள, குமாரஜீவர் அங்கே ஏறத்தாழ 17 ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார். அந்தக் கொடிய ஆண்டுகளில்தான் சீனமொழி அவருக்கு வசமாயிற்று. 401இல் சாங்ஆன் நகரம் அவரை வரவேற்றபோது, தாவோ ஆன் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மன்னர் யாவோ ஷிங் பழைய பெயர்ப்பைக் கையிலேந்தி ஒப்பிட்டுப் பார்க்க, ஐந்நூறு துறவியர் சூழ்ந்திருக்கப் பணி நடந்தது. மிகுந்து வருவனவற்றைக் குமாரஜீவர் துணிந்து குறைத்தார், ஓசையினிமைக்கு இடந்தந்தார். தாவோ ஆன் எதைச் சிதைவென்றாரோ, அதையே இவர் செய்தார் எனலாம். ஆயினும், 406இல் அவர் பெயர்த்த தாமரைச் சூத்திரமே கிழக்காசியாவில் இன்றும் ஓதப்படுகிறது. முந்தையவரின் அச்சம் ஊட்டப்பெற்ற மாணவர்கள் உடனில்லாதிருந்தால், பிந்தையவரின் துணிவு வெறும் அலங்காரமாய் முடிந்திருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படி ஒருவர் அந்த அவையில் இருந்தார். தாவோ ஆனின் மாணவரான செங்ருய், குமாரஜீவரின் அருகே எழுதுகோலுடன் அமர்ந்திருந்தார். பேரறிவுச் சூத்திரத்தின் பெயர்ப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில், தூரிகையை எடுக்கும்போது மறைந்த ஆசிரியரின் ஐந்து சிதைவுகளையும் மூன்று அருமைகளையும் மும்முறை நினைத்து நடுங்கியதாகக் குறித்திருக்கிறார்.