தூண்டிலும் பசுமை வலயமும்

அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறைத் தொடரைக் காக்க எழுந்த இயக்கம் தூண்டிலுக்கு எதிராகத் தோன்றியதன்று. 1967இல் எலிசன் பாறையில் சுண்ணாம்பு அகழ அனுமதி கோரப்பட்டமையும், அதனைத் தொடர்ந்த எண்ணெய் அகழ்வுச் சர்ச்சையுமே 1975ஆம் ஆண்டின் கடற்பூங்காச் சட்டத்துக்கு வழிகோலின.

2004 யூலை 1இல் விவாதம் திசைமாறியது. அதுவரை பூங்காவின் 5 வீதத்துக்கும் குறைந்த பரப்பிலேயே மீன்பிடி முற்றாகத் தடுக்கப்பட்டிருந்தது. புதிய வலயத் திட்டம் அதனை ஏறத்தாழ 33 வீதமாக உயர்த்தியது. திட்டம் வகுக்கப்படுகையில் 30,000க்கு மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. விளைநிலங்களிலிருந்து வழிந்துவரும் மண்ணும் உரமும் பாறையைக் கெடுக்க, பொழுதுபோக்காகத் தூண்டிலிடுபவனைத் தண்டிப்பது நீதியோ என ஒரு சாரார் வினவினர். ஒருவன் பிடிப்பது சிறிதாயினும் பல்லாயிரவர் பிடிப்பது சிறிதன்று என மறுசாரார் விடையிறுத்தனர்.

பின்வந்த ஆய்வுகள் இரண்டாமவர்க்கே வலுவூட்டின. மூடப்பட்ட பாறைகள் பலவற்றில் ஈராண்டுக்குள் பவளக் களவாமீன் பெருகியமை 2008இல் வெளியான ஆய்விற் புலப்பட்டது. கெப்பல் தீவுகளில், பாறைப் பரப்பின் 28 வீதமேயான காப்பகங்கள், ஆராயப்பட்ட இருவகை மீன்களின் குஞ்சுகளில் ஏறத்தாழ அரைப்பங்கை ஈந்தன என 2012ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. அவற்றுட் பல, திறந்த பாறைகளையே சென்றடைந்தன. தூண்டிற்காரர் இழந்ததாகக் கருதிய வளம் அவர்களிடமே ஓரளவு மீண்டது.

எனினும் 2016, 2017ஆம் ஆண்டுகளின் பவள வெளிறல் வலய எல்லைகளை மதிக்கவில்லை. ஆதலின் தூண்டிற்காரர் எழுப்பிய வினா பொருளற்றதன்று. ஆனால் பிறர் செய்யும் கேடு பெரிதென்பது தன் பங்கைக் குறைக்க மறுப்பதற்கு நியாயமாகாது.