மடிப்புச் சவரக்கத்தி: தொடக்கச் செலவின் வரலாறு

மடிப்புச் சவரக்கத்தி என்பது ஒரு பக்கம் மட்டும் கூரான, கைப்பிடிக்குள் மடங்கும் எஃகுக் கத்தி ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முகம் மழிப்பதற்கு முதன்மையான கருவியாக இதுவே இருந்தது. சரியாகப் பேணினால் ஒரு கத்தி தலைமுறை கடந்தும் உழைக்கும். அதனால் இது மிகச் சிக்கனமான கருவி என்ற எண்ணம் பரவலாக உண்டு. இந்த எண்ணம் பாதி உண்மைதான். கத்தியை வாங்குவது ஒரு செலவு, அதன் கூரைக் காப்பது வேறொரு செலவு. பலரைத் தடுத்து நிறுத்தியது இரண்டாவது செலவே. பிளேடு வைத்த ரேசர் இந்தக் கத்தியை எப்படி வீழ்த்தியது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

கத்தியுடன் சேர்ந்தவை

மழிக்கும் கூர் மிக மெல்லியது. ஒரே ஒரு முறை மழித்தாலும் அதன் விளிம்பு நுண்ணிய அளவில் வளைந்துவிடும். அதை நேராக்க, ஒவ்வொரு முறையும் மழிப்பதற்கு முன் கத்தியைத் தோல்வாரில் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே இழுபட வேண்டும். திசை மாறினால் வார் அறுந்துபோகும். வாரால் மீட்க முடியாத அளவுக்குக் கூர் மழுங்கிவிட்டால் தீட்டுக்கல் தேவைப்படும். ஆண்டுக்குச் சில முறையாவது இந்த வேலை வரும்.

தீட்டுக்கல்லும் எளிதில் கிடைத்ததன்று. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வியல்சாம் என்ற ஊரைச் சுற்றி வெட்டியெடுக்கப்பட்ட கோட்டிக்யூல் என்னும் மஞ்சள் கல் இதற்குப் பெயர் பெற்றது. அதில் கலந்துள்ள மிக நுண்ணிய கார்னெட் மணிகள் எஃகைத் தேய்க்கும். கல்லின் படிவு மெல்லியதாக இருந்ததால், உடையாமலிருக்க அதன் அடியில் ஒரு பலகைக்கல்லை ஒட்டி விற்றனர்.

கத்தி, வார், கல் ஆகிய மூன்றோடு தூரிகையும் சோப்பும் அதை நுரைக்கும் கிண்ணமும் சேரும். வசதி படைத்தவர்கள் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பெட்டியை வாங்கினர். பயன்பாட்டுக்கு இடையே கூருக்கு ஓய்வு தேவை என்பது அக்கால நம்பிக்கை.

இவை தவிர, பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் வேண்டியிருந்தது. அது கைப்பழக்கம். தன் முகத்தைக் கண்ணாடியில் இடவலம் மாறிப் பார்த்தபடி, இடது கன்னத்துக்கும் வலது கன்னத்துக்கும் கையை மாற்றியோ பிடியை மாற்றியோ மழிக்கப் பழகச் சில வாரங்களாவது ஆகும்.

சுயமாக மழிக்கத் தொடங்கியவர்கள்

இத்தனையும் தேவைப்பட்டதால் பெரும்பாலோர் தம் முகத்தை முடிதிருத்துநரிடமே ஒப்படைத்தனர். கத்தி, கல், வார் ஆகியவற்றின் செலவை அவர் ஏற்றார். வாடிக்கையாளர் ஒவ்வொரு முறைக்கும் சிறு தொகை கொடுத்தார். இந்த ஏற்பாடு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. தமிழக ஊர்களிலும் கத்தியும் கல்லும் கொண்ட அடைப்பம் முடிதிருத்துநருடையதாகவே இருந்தது. ஊரார் அறுவடைக் காலத்தில் களத்தில் நெல்லாகக் கூலி அளந்தனர். கருவியின் செலவும், அதைப் பேணும் உழைப்பும், அத்தொழிலுக்கெனப் பிறப்பால் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் தலையில் விழுந்தன என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

இலண்டனில் கடற்படை அலுவலராக இருந்த சாமுவேல் பெப்பீஸ், சுயமாக மழிப்பதன் பணக்கணக்கைப் பதிவு செய்த பழையவர்களுள் ஒருவர். 1662 மே மாதத்தில் நுரைக்கல்லால் முகத்தைத் தேய்த்து மயிரை நீக்கும் முறையை அவர் முயன்று பார்த்தார். 1664 சனவரியில் தாமே கத்தியால் மழிக்கத் தொடங்கினார். அதனால் பணமும் நேரமும் மிச்சமாவதாக மகிழ்ச்சியோடு நாட்குறிப்பில் எழுதினார்.

பாரிசில் கத்தி செய்து வந்த ழான் ழாக் பெரே, தனக்குத்தானே மழித்துக்கொள்ளும் கலையைக் கற்பிக்கும் நூலொன்றை 1769இல் வெளியிட்டார். தச்சர்களின் இழைப்புளியைப் போல, கத்தியைச் சுற்றி மரக்காப்பு வைத்து வெட்டுக்காயத்தைத் தவிர்க்கும் ரேசரையும் அவர் வடிவமைத்தார். தொடக்கநிலையாளரின் அச்சத்தைத் தணிக்க முயன்ற முதல் கருவிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் உள்ளே இருந்தது பழைய கத்தியே. அதைத் தீட்டும் வேலை அப்படியே இருந்தது.

உருக்கும் ஷெஃபீல்டும்

நல்ல சவரக்கத்தி சாதாரண மக்களுக்கும் எட்டும் விலைக்கு வந்ததற்கு ஷெஃபீல்டு நகரின் எஃகு முக்கியக் காரணம். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், நல்ல சுருள்வில் வேண்டும் என்று முயன்று, மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். உள்ளூர்க் கத்திக் கொல்லர்கள் முதலில் அந்த எஃகை மிகக் கடினமானது என்று ஒதுக்கினர். அது பிரான்சுக்கு விற்பனையாகி, அங்கே செய்யப்பட்ட கத்திகள் போட்டிக்கு வந்த பிறகே மனம் மாறினர்.

மூசையில் எஃகு செய்யும் நுட்பம் தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. ஐரோப்பியர் இதனை வூட்ஸ் என்றனர். இச்சொல் கன்னடத்தின் உக்கு என்பதிலிருந்து திரிந்ததாகக் கருதப்படுகிறது. தமிழில் உருக்கு என்பது அதன் இனச்சொல். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட வூட்ஸ் மாதிரிகளைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஆய்வுரை அளித்தார். இலண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகையே தாம் விரும்புவதாகத் தம் வணிக அட்டையில் அச்சிட்டார். இவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்னியலில் புகழ்பெறும் முன்பு, அந்த ஆய்வில் கிடைத்த எஃகால் செய்த சவரக்கத்திகளை அவர் நண்பர்களுக்குப் பரிசளித்ததுண்டு. வெள்ளி கலந்த எஃகு நல்லது என்று அவர்கள் கண்டதும், 'வெள்ளி எஃகு' என்ற எழுத்துகள் ஷெஃபீல்டு கத்திகளில் பொறிக்கப்பட்டன. வெள்ளி உள்ளே இருந்ததோ இல்லையோ, பெயர் விற்றது.

சாணைக்காரர்களின் ஆயுள்

கத்தியின் விலையில் சேராத ஒரு செலவும் இருந்தது. காய்ச்சி அடித்த கத்தி, சாணைச் சக்கரத்தில்தான் மழிக்கும் வடிவம் பெறும். ஷெஃபீல்டின் சாணைச் சக்கரங்கள் மணற்கல்லால் ஆனவை. அவை சுழலும்போது கல்தூளும் எஃகுத்தூளும் பறக்கும். சாணைக்காரர் சக்கரத்தின் மேல் குனிந்தபடியே நாள் முழுவதும் வேலை செய்வார். கல்லிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, இருமலும் மூச்சுத் திணறலுமாகத் தொடங்கி உயிரைக் குடித்தது. ஊரார் இதனைச் சாணைக்காரர் ஆஸ்துமா என்றனர். இன்றைய மருத்துவம் சிலிக்கோசிஸ் என்கிறது.

பிரெடரிக் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில், ஷெஃபீல்டு மருத்துவர் நைட் என்பவரின் கணக்கை எடுத்துக்காட்டுகிறார். அதன்படி, உலர்ந்த கல்லில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளை எட்டுவதே அரிது. ஈரக்கல்லில் வேலை செய்தவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது. சவரக்கத்திச் சாணை இரண்டு முறைகளும் கலந்தது.

தூளைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. சக்கரத்துக்கு மூடியிடுவதும், காற்றால் தூளை வெளியே இழுப்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தன. ஆனால் சாணைக்காரர்களிலேயே பலர் அவற்றை எதிர்த்தனர். ஆபத்து குறைந்தால் கூட்டம் கூடி, கூலி விழுந்துவிடும் என்று அஞ்சினர். கூலி உயர்ந்திருப்பதற்கு மரணமே காவல் என்றாகிவிட்ட ஒரு தொழிலில் செய்யப்பட்ட கத்திகள்தாம் உலகெங்கும் மலிவாகச் சென்றன.

பின்னர் ஜெர்மனியின் சொலிங்கன் நகரம் முன்னேறியது. கத்தியின் இரு பக்கங்களையும் ஆழமாகக் குழித்துச் சாணை பிடிப்பது அதன் சிறப்பு. குழிந்த கத்தியில் கூரருகே எஃகு குறைவு என்பதால் தீட்டுவது எளிது. செய்வதோ கடினம். சொலிங்கன் என்ற பெயரைக் காக்க 1938இல் ஜெர்மனியில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

துணைப்பொருள் வணிகம்

கூரைக் காக்கும் கவலையே ஒரு வணிகமாயிற்று. 1790களில் இலண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் தோல்வாரும் அதில் பூசும் பசையும் விற்றார். கதை, பாட்டு, உரையாடல் எனச் செய்தித்தாள்களில் ஓயாமல் விளம்பரம் செய்தார். 1796இல் அவ்விளம்பரங்களையே தொகுத்து நூலாக வெளியிட்டார். கத்தி ஒருமுறை வாங்கும் பொருள், பசை தீர்ந்துபோகும் பொருள் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

துணைப்பொருளில் மலிவைத் தேடியது சிலருக்கு உயிரிழப்பில் முடிந்தது. முதல் உலகப்போரின்போது தூரிகைக்கான வளைக்கரடி மயிர் வரத்துத் தடைப்பட்டது. அதைப் போலத் தோன்றும்படி செய்த குதிரை மயிர்த் தூரிகைகள் சந்தைக்கு வந்தன. சரியாகத் தூய்மை செய்யப்படாத மயிரில் ஆந்த்ராக்ஸ் நுண்ணுயிர் தங்கியிருந்தது. மழிக்கும்போது ஏற்படும் சிறு கீறல் அதற்கு வாசலாயிற்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்களும் பொதுமக்களுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் இதனால் நோயுற்றனர்.

கில்லெட் விற்றது என்ன?

1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் காப்புடன் கூடிய ரேசருக்குக் காப்புரிமை கோரினர். அதில் வெட்டுக்காய அச்சம் குறைந்தது. ஆனால் அதன் தடித்த சிறு கத்தியையும் வாரில் தீட்டத்தான் வேண்டும். தீட்டும் வேலையையே ஒழிக்கலாம் என்று 1895இல் எண்ணியவர், ஊர் ஊராகச் சென்று பொருள் விற்றுவந்த கிங் கேம்ப் கில்லெட். மெல்லிய தகட்டில் கூர் செய்து, மழுங்கியதும் எறிந்துவிடுவது அவரது திட்டம். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்க முடியாது என்று பலர் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1901இல் நிறுவனம் தொடங்கியது. 1903இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது.

ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் இலாபம் பார்த்தவர் கில்லெட் என்று வணிகப் பாடங்களில் சொல்லப்படுவதுண்டு. தொடக்க ஆண்டுகளுக்கு இது பொருந்தாது. ரேசரின் விலை 5 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளியின் வார ஊதியத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. நல்ல மடிப்புக் கத்தியே அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பிளேடு ஒரு டாலருக்கு 12 என்று விற்றபோது, வாரம் ஒன்று பயன்படுத்துபவருக்கு ஆண்டுக்கு 52 பிளேடு, அதாவது 4 டாலருக்கு மேல் செலவு. பணக்கணக்கில் மட்டும் பார்த்தால் பழைய கத்தியே வென்றிருக்க வேண்டும்.

வென்றது பிளேடுதான். கல்லும் வாரும் வாங்க வேண்டியதில்லை, தீட்டப் பழக வேண்டியதில்லை, முதல் நாளே மழிக்கலாம். மக்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் இந்த விடுதலைக்கான விலை. முடிதிருத்தகத்தோடு ஒப்பிட்டாலும் அது கட்டுபடியாயிற்று. ஒருமுறைக்கு 10 சென்ட் வீதம் வாரம் இருமுறை சென்றால் ஆண்டுக்கு 10 டாலர் தாண்டிவிடும்.

1918இல் அமெரிக்கப் படைவீரர்களுக்காக அரசு 35 இலட்சம் ரேசர்களையும் 3 கோடியே 20 இலட்சம் பிளேடுகளையும் வாங்கியது. சுயமாக மழிக்கும் பழக்கத்தோடு ஒரு தலைமுறை வீடு திரும்பியது. 1921இல் காப்புரிமை முடிந்து போட்டி வந்த பிறகே, பழைய வடிவ ரேசர் ஒரு டாலருக்கு இறங்கியது.

இன்று தொடங்குவோருக்கு

மடிப்புக் கத்தி அழிந்துவிடவில்லை. சொலிங்கனிலும் பிரான்சின் தியேர் நகரிலும் இன்றும் செய்யப்படுகிறது. புதிய கத்தி பெரும்பாலும் 100 யூரோவுக்கு மேல் விற்கிறது. தொழிற்சாலைக் கூர் எப்போதும் முகத்தில் வைக்கத் தக்கதாக இருப்பதில்லை என்பதால், தீட்டித் தருவோரிடம் அனுப்பிப் பெறுவது வழக்கம். அச்செலவைத் தவிர்க்க நினைப்பவர் 1000, 4000, 8000, 12000 என நுண்மை கூடும் கற்களை வாங்க வேண்டியிருக்கும். அவற்றின் மொத்த விலை கத்தியின் விலையைத் தாண்டக்கூடும். மிக மலிவாக விற்கப்படும் சில கத்திகளின் எஃகு கூரைத் தாங்குவதே இல்லை. பழைய ஷெஃபீல்டு, சொலிங்கன் கத்தியொன்றைத் துருவும் விரிசலும் பார்த்து வாங்குவது அதைவிட நல்ல வழி.

முடிதிருத்தகங்களில் இன்று காணப்படும் மடிப்புக் கருவி, தோற்றத்தில் பழைய கத்தி போன்றது. உள்ளே இருப்பதோ பாதியாக முறித்த பிளேடு. இரத்தத்தால் பரவும் நோய்கள் பற்றிய அச்சம், குறிப்பாக எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு, தமிழகத்திலும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு போடலாம், தீட்ட வேண்டியதில்லை. மடிப்புக் கத்தியின் பிடியைப் பழகிப் பார்க்க விரும்புவோருக்கும் மிகக் குறைந்த செலவில் கிடைப்பது இதுவே. ஆனால் இதில் தேர்ந்தவர் உண்மையான கத்திக்கு மாறும்போது, வாரில் தீட்டுவதை முதலிலிருந்து கற்க வேண்டும். அந்த முதல் மாதங்களில் வாரில் கீறல் விழாமல் தப்புவோர் குறைவு. ஆகவே முதல் வாரை மலிவாகவும், நல்ல வாரைப் பிறகும் வாங்குமாறு அனுபவசாலிகள் சொல்வதுண்டு.