சிட்னி நகரமும் சிலந்தியும்

மனிதன் கூரையிட்டு வாழத் தொடங்கிய நாள்முதல் அக்கூரையின் மூலையிலே சிலந்தியும் உடன் குடியிருந்து வருகின்றது. தைப்பொங்கல் நெருங்கிவிட்டதென்றால் நம் நாட்டு வீடுகளிலே தும்புத்தடியை நீண்ட கழியிற் கட்டி ஒட்டடை அடிப்பார்கள். சில வாரங்கள் செல்லும். அதே மூலையிலே புதிய வலையொன்று தோன்றும். மறுபடியும் அடிப்பார்கள். இதனை யாரும் பெருந்துன்பமாகக் கருதுவதில்லை. நம் வீட்டு மூலைகளிற் காணப்படும் சிலந்திகளிற் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யும் வலிமையற்றவை என்பதே அதற்குக் காரணம்.

ஆனால், வீட்டிலும் தோட்டத்திலும் சிலந்தி மிகுந்திருப்பது உயிரைப் பற்றிய அச்சமாகவே இருந்த ஒரு பெருநகரம் உண்டு. அது அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரம். நம்மவர் பலர் இன்று அங்கே குடியேறி வாழ்கின்றனர். ஆதலால், அந்நகரத்தார் சிலந்தியோடு நடத்திய நெடிய போராட்டத்தின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிட்னித் துறையிலே குடியேற்றம் அமைத்தனர். காலப்போக்கில் நகரம் பெருகிற்று. காடு வெட்டி வீடுகள் எழுந்தன. வீட்டைச் சுற்றித் தோட்டங்கள் அமைந்தன. நிழலும் ஈரமும் பொருந்திய அந்நிலத்திலே, கல்லின் கீழும் வீழ்ந்த மரத்தின் கீழும் வளை தோண்டி, மனிதர் வருமுன்பே வாழ்ந்திருந்தது ஒரு சிலந்தி. கருநிறமும் பளபளப்பும் உடையது. தன் வளையின் வாயிலிருந்து பட்டிழைகளைப் புறத்தே பரப்பி வைத்து, அவற்றிலே பூச்சி தடுக்கியதும் பாய்ந்து பற்றுவது. வலையின் வடிவத்தை நோக்கி அதனைப் புனல்வலைச் சிலந்தி என்பார்கள். 1877ஆம் ஆண்டில் ஒக்டேவியஸ் பிக்காட் கேம்பிரிட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் அதற்கு அற்றாக்ஸ் ரொபஸ்ரஸ் என அறிவியற் பெயரிட்டார். எனினும், பெயர் சூட்டப்பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் கொடுமையை உலகம் அறிந்திலது.

அக்காலத்திலே மக்கள் பெரிதும் அஞ்சியது வேறொரு சிலந்தியை. அது முதுகிலே செந்நிறக் கோடுடைய செம்முதுகுச் சிலந்தி. வீட்டுக்குப் புறத்தே அமைந்த மலசலகூடங்கள், கொட்டில்கள், தபாற்பெட்டிகள், பூஞ்சட்டிகளின் அடிப்புறங்கள் ஆகியனவே அது விரும்பி உறையும் இடங்கள். இருட்டிலே மலசலகூடத்திற்குச் சென்று கடியுண்டவர் பலர். பிற்காலத்திலே கழிவுநீர்க் குழாய்கள் வந்து மலசலகூடம் வீட்டினுள்ளே புகுந்தபோது அவ்வகைக் கடி பெரிதும் குறைந்தது. சிலந்தியை யாரும் ஒழித்துவிடவில்லை. வீட்டின் அமைப்பு மாறிற்று, அவ்வளவே. இச்சிறு செய்தியை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்வது நன்று.

1927ஆம் ஆண்டிலே சிட்னியிற் சிறு குழந்தையொன்று புனல்வலைச் சிலந்தி கடித்து மாண்டது. அச்சிலந்தியால் நேர்ந்த மரணமெனப் பதிவுபெற்றவற்றுள் முதலாவது அதுவே. அன்றுமுதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தில் 13 பேர் இவ்வாறு உயிரிழந்தனர். அவர்களுட் குழந்தைகள் பலர். கடியுண்டவர்க்கு வாயைச் சுற்றி விறுவிறுப்பு உண்டாகும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், தசைகள் துடிக்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் பிரிந்த குழந்தைகளும் உண்டு. வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றாலும், நஞ்சை முறிக்கும் மருந்து வைத்தியர் கையில் இருக்கவில்லை.

தோட்டமெங்கும் இத்தகைய சிலந்தி உறையும்போது மக்கள் என்ன செய்தல் கூடும்? பூச்சிகொல்லி தெளிப்பதே எவருக்கும் முதலிலே தோன்றும் வழி. ஆயின், சுவரிலே தெளித்த நஞ்சு மண்ணுக்குள் ஆழ்ந்த வளையை எட்டுவதில்லை. மேலும், உயிரிழந்தோரைக் கடித்த சிலந்தி இன்னதெனத் தெரிந்தபோதெல்லாம் அது ஆண் சிலந்தியாகவே இருந்தது. பெண் சிலந்தி பெரும்பாலும் தன் வளையை விட்டு அகலாது. ஆண் சிலந்தியோ கோடையிலும் இலையுதிர்காலத்திலும், சிறப்பாக மழை பெய்த பின்னர், துணை தேடி அலையும். அலைந்து வீட்டினுட் புகும். கழற்றி வைத்த சப்பாத்தினுள்ளும் நிலத்திற் கிடக்கும் துணியினுள்ளும் ஒளியும். நீச்சற் குளத்தில் வீழ்ந்தாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். ஒரு வீட்டார் தம் வளவிலுள்ளவற்றை எல்லாம் கொன்றாலும் அயல் வளவிலிருந்து மற்றொன்று வரும். ஆகவே, அழித்து வெல்லுதல் என்பது இயலாத காரியமாயிற்று.

வேறு வழியை அறிவியல் காட்டிற்று. மெல்பேணிலுள்ள கொமன்வெல்த் சீரம் ஆய்வுகூடத்திலே சோல் வீனர் என்னும் அறிஞர் முயன்று, 1956ஆம் ஆண்டிலே செம்முதுகுச் சிலந்தியின் நஞ்சை முறிக்கும் மருந்தை ஆக்கினார். அடுத்து அவர் புனல்வலைச் சிலந்தியின் நஞ்சையும் ஆராய்ந்தார். அதற்கு மருந்து கிட்டவில்லை. மனிதனையும் குரங்கினத்தையும் கொடிதாகத் தாக்கும் அந்நஞ்சு, நாய், பூனை, முயல் முதலியவற்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை. மனிதனை மட்டும் தெரிந்து வருத்துவதுபோன்ற இவ்வியல்பு ஆராய்ச்சியாளரைப் பெரிதும் மலைக்க வைத்தது.

அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ட்ருவன் சதர்லாந்து என்னும் வைத்தியர் இம்முயற்சியைக் கைவிடாது தொடர்ந்தார். ஆண் சிலந்தியின் நஞ்சை மாதக்கணக்காகச் சிறிது சிறிதாக முயல்களுக்கு ஏற்றி, அவற்றின் குருதியில் உண்டான எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார். நஞ்சுக்கு அஞ்சாத முயலே மனிதனுக்குக் காவலாயிற்று. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அம்மருந்து முதன்முதலாகக் கடியுண்ட ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். அதன் பின்னர் இச்சிலந்தியின் கடியால் இறந்தவர் எவரும் இல்லை.

சதர்லாந்து அளித்த மற்றொரு கொடை மருந்துமன்று, கருவியுமன்று, ஒரு துணிக்கட்டு. கடிபட்ட கையையோ காலையோ அகலமான துணியால் இறுகச் சுற்றிக் கட்டி, தடியொன்றை அணைத்து, அசையாமல் வைத்திருந்தால் நஞ்சு உடலிற் பரவுவது தாமதமாகும் என அவர் 1970களின் இறுதியிலே காட்டினார். அக்கட்டோடு வைத்தியசாலையை அடைந்துவிட்டால் மருந்து உயிரைக் காக்கும். செம்முதுகுச் சிலந்தியின் கடிக்கு இக்கட்டு வேண்டியதில்லை. அதன் நஞ்சு மெல்லப் பரவுவதாதலின், கட்டு வலியையே மிகுவிக்கும். எது கடித்தது என்று அறிவதன் பயனை இங்கே காணலாம்.

இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி இனித்தான் வருகின்றது. மருந்தை ஆக்க நஞ்சு வேண்டும். நஞ்சுக்குச் சிலந்தி வேண்டும். சிட்னிக்கு வடக்கேயுள்ள அவுஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா இப்பணியை ஏற்றது. வீட்டிலே சிலந்தியைக் கண்டவர்கள் அதனைக் கொல்லாமல், நீண்ட கரண்டியால் தள்ளி வாயகன்ற போத்தலில் அடைத்து, குறித்த இடங்களில் ஒப்படைக்குமாறு பூங்காவினர் வேண்டினர். மக்களும் அவ்வாறே கொணர்ந்தனர், இன்றும் கொணர்கின்றனர். ஒரு சிலந்தி தரும் நஞ்சு மிகச் சிறிதாதலால், பலரின் உதவியின்றி மருந்து உண்டாகாது. எந்த உயிர் தம் குழந்தைகளுக்கு எமனாக வந்ததோ, அதனையே ஊரார் காத்துக் கொடுத்து உயிர்மருந்தைப் பெற்றனர்.

ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. ஒரே இனமென எண்ணப்பட்டு வந்த அச்சிலந்தி உண்மையில் மூன்று இனங்களென 2025ஆம் ஆண்டிலே அறிஞர் வெளியிட்டனர். பெயரிட்டு ஏறக்குறைய 150 ஆண்டுகள் சென்ற பின்னும் அறிய வேண்டியது எஞ்சியிருந்தது.

சிட்னி வாசிகள் இன்று கைக்கொள்ளும் வழக்கங்கள் மிக எளியவை. சப்பாத்தை அணியுமுன் உதறிப் பார்ப்பார்கள். தோட்டவேலைக்குக் கையுறை இடுவார்கள். வெறுங்காலோடு இரவிலே முற்றத்தில் நடவார்கள். கதவின் கீழுள்ள இடைவெளியை அடைப்பார்கள். சுவரிலே காணும் பெரிய வேட்டைச் சிலந்தி தோற்றத்தால் அச்சமூட்டினும், கொடியதன்று என அறிந்து, அதனைக் குவளையால் மூடி, கீழே தாளைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுவோர் உளர். பூச்சிகளை உண்டு அது வீட்டுக்கு உதவியே செய்கின்றது.

அச்சம் எல்லாச் சிலந்தியையும் ஒன்றாகவே காணும். அறிவோ தீயதையும் தீங்கற்றதையும் பிரித்துக் காணும். சிட்னியிலே சிலந்தி குறைந்துவிடவில்லை. மழை பெய்த இரவுகளில் அது முன்போலவே வளையை விட்டு வெளியேறி அலைகின்றது. குறைந்தது மரணமே. நேயர்களே, அடுத்த பொங்கலுக்கு நாம் தும்புத்தடியை எடுக்கும்போது ஒட்டடையை அடிப்போம். அது வீட்டுக்குத் தூய்மை. வலையின் ஓரத்தே ஒடுங்கும் அச்சிற்றுயிரை மிதிக்குமுன் மட்டும், அது யாதென ஒருகணம் உற்றுநோக்குவோம்.