சுலோசன முதலியார் பாலம்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பாயும் தாமிரபரணியைக் கடக்க முற்காலத்தில் ஓடமே கதி. வெள்ளம் பெருகினால் அதற்கும் வழியில்லை; நெல்லையப்பரைத் தரிசிக்க வந்த கீழ்க்கரையார் கைகூப்பித் திரும்ப வேண்டியதுதான். இத்துன்பம் நீங்க, ஆட்சியர் அலுவலகச் சிரஸ்தாராக விளங்கிய சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளையே ஈந்தார். 11 வளைவுகளுடன் 1843-ல் பாலம் திறக்கப்பெற்றது. ஆலயத் திருப்பணிக்கு இது எவ்வகையில் குறைந்தது? 1869-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்தன, பின்னர்ச் செப்பனிடப்பெற்றன.

பாலத்தினின்று கரையோரமாக ஆற்றை எதிர்த்து நடப்போர் குறுக்குத்துறையை அடைவர். அங்கே முருகன் ஆற்றினுள்ளேயே கோயில் கொண்டுள்ளான். வெள்ளம் வருமுன் உற்சவ மூர்த்தியை மேட்டிலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். மூலவரோ நீருக்குள்ளேயே வீற்றிருப்பார். வெள்ளம் வடிந்ததும் மண்டபத்து மணலை அகற்றி மீண்டும் விளக்கேற்றுவர்.