பனிக்காலத்தில் இறுகும் ஷட்டர்: டிராக்டர் கொட்டகையில் கவனிக்க வேண்டியவை

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் டிராக்டர் கொட்டகை, உரக் கிடங்கு ஆகியவற்றின் இரும்பு ஷட்டர் எளிதில் மேலே ஏறாது. அவசரத்தில் பலம் கொண்டு இழுத்தால் தகடு வளையும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

ஏன் இறுகுகிறது?

குளிரில் இரும்பு சுருங்குவதே காரணம் என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால், 10 அடி அகல ஷட்டர் வெப்பநிலை 20 டிகிரி குறைந்தாலும் 1 மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. உண்மையான காரணங்கள் வேறு:

• பக்கச் சட்டங்களில் தடவிய பழைய கிரீஸ் குளிரில் கெட்டியாகிறது. அதில் தூசியும் உமியும் ஒட்டிப் பசைபோல் ஆகிவிடும்.
• இரவில் குளிர்ந்த தகட்டில் பனிநீர் படிந்து, தகடுகள் ஒன்றோடொன்று கோக்கும் இடங்களில் துரு ஏறும்.
• பொட்டாஷ் போன்ற உரங்களின் தூசி ஈரத்துடன் சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

நீலகிரி போன்ற உறைபனி விழும் இடங்களில், வாசலில் நீர் தேங்கினால் ஷட்டரின் அடிப்பட்டை தரையோடு உறைந்து ஒட்டவும் கூடும். வெதுவெதுப்பான நீர் ஊற்றி விடுவித்து, உடனே ஈரத்தைத் துடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே பக்கச் சட்டங்களில் உள்ள பழைய கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் முழுவதும் துடைக்கவும்.
2. அங்கே மீண்டும் கிரீஸோ கழிவு ஆயிலோ பூச வேண்டாம். சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.
3. துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்தபின் பெயிண்ட் அடிக்கவும்.
4. உர மூட்டைகளை ஷட்டரை ஒட்டி அடுக்காமல், மரச்சட்டத்தின் மேல் தள்ளி வைக்கவும்.
5. வாசல் தளம் வெளிப்புறம் சரிவாக இருக்கட்டும்.
6. மோட்டார் ஷட்டர் நின்றுவிட்டால் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், மோட்டார் எரிந்துவிடலாம்.

ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

நல்ல நிலையில் உள்ள ஷட்டர், பாதி ஏறியபின் பெரிய பாரமாகத் தெரியாது. பாரம் கூடினாலோ தானாகக் கீழே சரிந்தாலோ, மேலே உருளையில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். அதன்பின் யாரும் ஷட்டருக்கு அடியில் நிற்கக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அது வேகமாகச் சுழன்று கையை முறித்துவிடும். இந்த வேலையை ஷட்டர் மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

குளிருக்காக ஷட்டரை மூடிக்கொண்டு உள்ளே டிராக்டரை ஸ்டார்ட் செய்து சூடேற்றுவதும் ஆபத்து. புகையில் உள்ள நச்சு வாயு உயிரைப் பறிக்கும். ஷட்டரை முழுவதும் திறந்த பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.